சதகா அன்று, ஹக்கு!

"இந்தப் பிள்ளையை வைத்துப் பாடம் நடத்த எங்களிடம் வசதி இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் இருக்கின்றன; அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்."

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தமிழகத்தின் எத்தனையோ தலைமையாசிரியர் அறைகளில் ஒலிக்கும் வாசகம் இது. பெரும்பாலும் கனிவோடுதான் சொல்லப்படுகிறது. சொல்பவர் வாயில்வரை வந்து வழியனுப்புவதும் உண்டு. கேட்ட பெற்றோர், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டோ கையைப் பற்றி நடத்திக்கொண்டோ, "அல்லாஹ் நாடியது இவ்வளவுதான்" என்று மனத்தைத் தேற்றியவர்களாக வீடு திரும்புகின்றனர். மறுநாள் முதல் அந்தப் பிள்ளை திண்ணையில் அமர்ந்து, பையைச் சுமந்து செல்லும் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கத் தொடங்குகிறது.

அந்த வாசகத்தில் கனிவு இருக்கலாம், நீதி இல்லை. அந்தப் பெற்றோரின் பொறுமையில் ஈமான் இருக்கலாம். ஆனால் அறியாமையும் இருக்கிறது. அல்லாஹ் நாடியது அந்தப் பிள்ளையின் படைப்பு. பள்ளியின் வாயிலைச் சாத்தியது அல்லாஹ் அல்லன். ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்த மனிதர். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுதான் நம் சமுதாயத்தின் முதற்பிழை. ஒரு மனிதர் செய்த மறுப்பை இறைவனின் விதியாக ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவதற்குப் பெயர் ஸப்ரு அன்று.

சதகா என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஹக்கு என்பது பெறுபவருக்கு உரியது. கொடுக்க மறுப்பவர் அநீதி இழைத்தவராவார். உடற்குறையோ, அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள ஒரு பிள்ளை வகுப்பறையில் பெறும் இடம் இவ்விரண்டில் எது? அது ஹக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். மார்க்கமும் அவ்வாறே கூறுகிறது. நாட்டின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. இரண்டையும் அறியாமல், யாசகம் கேட்பவர்போல் கை கட்டி நிற்பவர்கள் நாம்தாம்.

முகம் சுளித்த ஒரு கணம்

மக்கா நகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளை அது. அத்தலைவர்கள் மனம் மாறினால் மக்கா முழுவதுமே மாறக்கூடும் என்று பெருமானார் ஆவலுற்றிருந்தார்கள். அப்போது கண்பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அங்கே வந்து, தமக்கும் கற்றுத் தருமாறு வேண்டினார். உரையாடல் தடைப்பட்டதால் பெருமானாரின் திருமுகம் சற்றே சுளித்தது. உடனே இறங்கியது 'அபஸ' என்னும் 80ஆம் அத்தியாயம். தேவையற்றவராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் பெரியவர்கள்பால் கவனம் செலுத்தி, கற்கும் ஆர்வத்தோடு விரைந்து வந்தவரைப் புறக்கணிப்பது தகாது என்று இறைவன் தன் தூதருக்கே உணர்த்தினான்.

சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சுளிப்பைப் பார்வையற்ற அத்தோழர் காணவே இல்லை. கண்டவன் அல்லாஹ். அவர் உணவு கேட்டு வரவில்லை. உடை கேட்டு வரவில்லை. கல்வி கேட்டு வந்தார். குறையுடைய ஒருவர் கல்வி கேட்டு வாயிலில் நிற்கும்போது, நகரத்தின் பெரும்புள்ளிகளுக்கும் முன்பாக அவருக்கே இடம் என்பது வேதம் வகுத்த வரிசை. இந்த அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிக்கொண்டே, இத்தகைய பிள்ளையை வகுப்பறையின் வெளியே நிறுத்துபவர்கள் எதை ஓதுகின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அதன்பின் நடந்ததோ இன்னும் பெரிது. அதே அப்துல்லாஹ், மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராக நியமிக்கப்பட்டார். பெருமானார் மதீனாவை விட்டு வெளியே செல்ல நேர்ந்த வேளைகளில் அந்நகரின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துச் சென்றார்கள். இரக்கத்திற்குரியவர் என்று ஒரு மூலையில் அமர்த்தி வைக்கவில்லை, பொறுப்பில் அமர்த்தினார்கள்.

பார்வையற்ற தோழர் ஒருவர், தம்மை அழைத்து வர ஆள் இல்லாததால் இல்லத்திலேயே தொழுதுகொள்ள அனுமதி கேட்ட செய்தியும் ஹதீஸில் வருகிறது. முதலில் அனுமதி அளித்த நாயகம் (ஸல்) அவர்கள், அவர் திரும்பிச் செல்கையில் மீண்டும் அழைத்து, பாங்கொலி உமக்குக் கேட்கிறதா என்று வினவி, கேட்கிறது என்றதும் வந்து சேருமாறு கூறினார்கள். இயலாதவர்க்குச் சலுகை உண்டு என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. குருடர், முடவர், நோயாளி ஆகியோர்மீது குற்றமில்லை என்று திருமறையும் கூறுகிறது. எனினும் அச்சலுகை அவருடைய இலகுவுக்காக ஏற்பட்டது. அவரைச் சபையிலிருந்து விலக்கி வைக்க மற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு அன்று.

பிற்கால வரலாறும் இதற்குச் சான்று பகரும். மக்காவின் தலைசிறந்த முஃப்தியாகத் திகழ்ந்த அதாஉ இப்னு அபீ ரபாஹ் காலில் ஊனமுடையவர், கண்பார்வையிலும் குறையுடையவர். உமைய்யாக் கலீஃபா முதலாம் வலீத், 705 முதல் 715 வரை ஆண்ட காலத்தில், பார்வையற்றோர்க்கு வழிகாட்டிகளையும் முடவர்க்குப் பணியாளர்களையும் அரசுச் செலவில் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். நம் காலத்துக்கு அருகில் வந்தால், குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த தாஹா ஹுஸைன் 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார்; கல்வி என்பது காற்றையும் நீரையும் போல் அனைவர்க்கும் கிட்ட வேண்டும் என்ற கொள்கையோடு இலவசக் கல்வியை விரிவாக்கினார். அவரை அந்நாளில் யாரேனும் ஒருவர், "எங்களிடம் வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு?

நாம் செய்து வைத்திருப்பது என்ன?

இத்தகைய பாரம்பரியத்தின் வாரிசுகளான நாம், இன்று எவ்வாறு நடந்துகொள்கிறோம்?

பிள்ளை நான்கு வயதாகியும் பேசவில்லை என்றால், செவித்திறன் பரிசோதனைக்குச் செல்வதற்கு முன்பு தாயத்துக் கட்டுகிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம், நேர்ச்சை வைக்கிறோம். துஆ கேட்பதை எவரும் குறை கூற முடியாது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் கொள்ளச் சொன்ன மார்க்கத்தில், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் துஆ மட்டும் கேட்பதைத்தான் குறை கூறுகிறோம். பேச்சும் செவியும் வளரும் முதல் ஐந்தாண்டுகள் கைநழுவிப் போனால், பின்னர் அவற்றை மீட்பது மிகவும் கடினம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, ஓட வழியின்றி 28 பேர் கருகி மாண்டனர். அவர்கள் எல்லா மதத்தினருமாவர், குழந்தைகளும் அல்லர். ஆயினும், குறையுடைய ஒருவரைக் கண்ணுக்கு மறைவாக எங்கேனும் ஒப்படைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் மனப்பான்மை எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? வீட்டின் பின்கட்டில் மறைத்து வைக்கப்படும் பிள்ளைக்கு இரும்புச் சங்கிலி இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆம், மறைத்துத்தான் வைக்கிறோம். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தம்பியை உள்ளறைக்கு அனுப்புகிறோம். கல்யாண வீட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் புத்தாடை உடுத்திச் செல்ல, அந்த ஒரு பிள்ளை மட்டும் பாட்டியோடு வீட்டில் இருக்கிறது. அது பெண் பிள்ளையாக இருந்துவிட்டால், வயதுக்கு வந்ததும் பெயரளவில் இருந்த பள்ளிப் படிப்பும் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்குப் பழி முழுவதையும் பெற்றவள் தலையில் சுமத்துகிறோம். டவுன் நோய்க்குறி ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைவதால் நேர்வது. மூளை முடக்குவாதம் பெரும்பாலும் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தால் நேர்வது. இவற்றுள் எதுவும் தாயின் நசீபின்மீது எழுதப்பட்ட தண்டனை அன்று.

ஓதும் பள்ளியிலிருந்தே ஒதுக்குதல் தொடங்கிவிடுகிறது. அலிஃப், பா, தாவை மற்றவர் வேகத்தில் ஓத இயலாத பிள்ளைக்குப் பிரம்படி. பிறகு "மக்கு" என்னும் பட்டம். பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தடுத்திருக்க, அந்தத் திருமறையைக் கற்பிக்கும் இடத்திலேயே நொண்டி என்றும் செவிடு என்றும் அரை லூஸு என்றும் அழைக்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்துகள் கண்ணில் இடம் மாறித் தோன்றுவதும், கேட்டதை எழுத்தில் கொண்டுவர இயலாமையும் கற்றல் குறைபாடு என்னும் நிலையின் அடையாளங்கள். அது சோம்பலும் அன்று, அறிவின்மையும் அன்று. அப்பிள்ளைக்கு வேண்டியது வேறொரு கற்பிக்கும் முறை. பிரம்பு அதற்கு மருந்தாகாது.

பாளையங்கோட்டைக்குச் சென்று பாருங்கள். காது கேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்கும் கிறிஸ்தவச் சகோதரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுப்பிய பள்ளிகள் இன்றும் நிற்கின்றன. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளித்து வருகிறது. நம் ஊர்களில் பளிங்கு பதித்த பள்ளிவாசல்கள் எழுந்திருக்கின்றன. குளிரூட்டப்பட்ட திருமண மண்டபங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றுள் எத்தனைக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்கிறது? உளூச் செய்யும் இடத்திற்கு ஊன்றுகோலோடு ஒருவர் வழுக்காமல் போய்வர முடியுமா? கேள்வி கசக்கத்தான் செய்யும்.

சட்டம் தந்திருக்கும் ஆயுதம்

மாற்றுத்திறனாளி என்னும் மரியாதையான சொல்லைத் தமிழகம் வழக்குக்குக் கொண்டுவந்து ஆண்டுகள் பலவாயின. சொல்லை மாற்றினோம், நடத்தையை மாற்றினோமா? சட்டம் மாறியிருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரும் அதன் சாரத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நலம்.

முதலாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கியது. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதை அது தடை செய்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றலாகாது என்கிறது. உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் தண்டனையையும் விலக்குகிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், குறைபாடுடைய பிள்ளைகளை நலிவுற்ற பிரிவினரில் சேர்த்தது.

அதே திருத்தம், கடுமையான குறைபாடுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் கூறியது. இங்கேதான் விழிப்பு வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் வருவார்" என்று பள்ளி நிர்வாகம் தானாகத் தீர்மானிப்பதற்கு அது அளிக்கப்படவில்லை.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், பழைய சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம் என்று நாம் சொல்லும் ஆட்டிசமும், கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடைய பிள்ளை, 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தன் விருப்பப்படி இலவசக் கல்வி பெற 31ஆம் பிரிவு உரிமையளிக்கிறது.

16ஆம் பிரிவு பள்ளிகளின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளுதல், கட்டடத்தையும் கழிப்பறையையும் அணுகக் கூடியதாக அமைத்தல், பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தருதல், பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் அவரவர்க்குரிய மொழியிலும் முறையிலும் கற்பித்தல், கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிதல், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கவனித்து வருதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 17ஆம் பிரிவு வழி செய்கிறது. சட்டத்தை மீறுவோர்க்கு முதன்முறை 10,000 ரூபாய்வரை அபராதம். தொடர்ந்து மீறினால் 50,000 முதல் 5 இலட்சம்வரை. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு ஒரு மாற்றுத்திறனாளியை அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

"சிறப்பாசிரியர் இல்லை" என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். தொடக்க நிலையில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்னும் அளவை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. ஆசிரியரை அமர்த்தாதது அரசின், நிர்வாகத்தின் குறை. அந்தக் குறைக்குப் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

சிறுபான்மை என்னும் கேடயம்

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே வருவோம்.

அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தமக்கெனக் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிரமதி வழக்கில், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விடுத்தது. நீதிமன்றங்கள் என்ன முடிவு செய்யும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அந்த உரிமை எதற்காகத் தரப்பட்டது? பெரும்பான்மையின் நடுவே சிறுபான்மை நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக. அவ்வுரிமையைப் பெற்ற ஒரு நிறுவனம், தன்னைவிடச் சிறுபான்மையான, தன்னைவிடக் குரலற்ற ஒரு பிள்ளை வாயிலில் வந்து நிற்கும்போது அதே உரிமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மறுக்கலாமா? நூறு விழுக்காடு தேர்ச்சி என்னும் விளம்பரப் பலகைக்கு ஊறு வந்துவிடும் என்று அஞ்சி, இத்தகைய பிள்ளைகளைத் தட்டிக் கழிக்கும் நிர்வாகங்கள் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா?

இன்னொன்றும் கூறியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளையும் அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் குறிக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு என்று ஒரு சொல்லும் அச்சட்டத்தில் இல்லை. ஆகவே, சட்டத்தின் பேரால் தப்பிக்க நினைப்பவர்களுக்கும் அந்த வாயில் அடைபட்டே இருக்கிறது. மார்க்கத்தின் பேரால் தப்பிக்க வழியே இல்லை என்பதை முன்பே கண்டோம்.

அவர்கள் கூறும் சமாதானங்கள்

"மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும்" என்பர். ஒரு வகுப்பில் சக்கர நாற்காலிப் பிள்ளை இருப்பதால் மற்றவர்க்குக் கணக்கு மறந்துபோவதில்லை. மாறாக, பொறுமையும் கருணையும் புத்தகமின்றியே கற்கப்படுகின்றன. ஆசிரியர் பலகையில் எழுதுவதோடு வாயாலும் சொல்லி, படத்தாலும் விளக்கினால், பயன் பெறுவது ஒரு பிள்ளை மட்டும் அன்று. வகுப்பின் கடைசி வரிசை முழுவதும் பயன் பெறும்.

"ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளைப் பார்ப்பாரா, இந்த ஒன்றைப் பார்ப்பாரா?" என்பர். இதில் உண்மை உண்டு. ஆசிரியரின் சுமையைக் குறைத்து மதிப்பிடுவது நீதியாகாது. அதற்குத்தான் அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் அமர்த்தப்பட்டுள்ளனர். அவர்கள் போதுமான அளவில் இல்லை என்றால், கூடுதலாகக் கேட்டு ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே நின்று சண்டையிடுவது, இருவரையும் கைவிட்ட நிர்வாகத்துக்கே நன்மை பயக்கும்.

"சிறப்புப் பள்ளிதான் பிள்ளைக்கு நல்லது" என்பர். சில பிள்ளைகளுக்கு அது மெய்யே. செவித்திறனற்ற பிள்ளை சைகை மொழி பேசும் தோழர்களின் நடுவே மலர்வதைக் கண்டவர்கள் அறிவர். நாம் சிறப்புப் பள்ளிகளுக்குப் பகைவர் அல்லர். ஆனால் அந்த முடிவை, பிள்ளையின் நலன் கருதி, மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் கலந்து பெற்றோர் எடுக்க வேண்டும். தம் தொல்லை தீர்ந்தால் போதும் என்று எண்ணும் தலைமையாசிரியர் எடுக்கலாகாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

வாதாடத் தெரியாத பிள்ளைக்கு முதல் வக்கீல் அதன் பெற்றோர். அந்த வக்கீல் கண்ணீரோடு மட்டும் போனால் வழக்கு வெல்லாது. காகிதத்தோடும் போக வேண்டும்.

பிள்ளையின் மருத்துவ அறிக்கைகள், அடையாள அட்டை, தேர்ச்சி அறிக்கைகள் யாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் அது வேண்டும். ஆனால் அட்டை வரும்வரை பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று யாரேனும் கூறினால் ஏற்காதீர்கள்.

எதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல்லே பதில். சேர்க்கை விண்ணப்பத்தைக் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தருமாறு கேளுங்கள். கனிவோடு மறுத்தவர்கள் பலர், பேனாவைக் கையில் எடுக்க நேர்ந்ததும் மனம் மாறிவிடுவர்.

"என் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். முதல் வரிசையில் இடம். மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுதல். கழிப்பறையில் பிடிமானக் கம்பி. பெரிய எழுத்தில் வினாத்தாள். எழுதுவதற்குக் கூடுதல் நேரம். உரத்த ஒலிக்கு அஞ்சும் பிள்ளைக்கு அமைதியான ஓர் இடம். இவற்றுள் பலவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான சலுகைகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். தேர்வு நெருங்கியபின் ஓடுவதில் பயனில்லை.

பள்ளி செவிசாய்க்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். பிறகு திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஒவ்வொரு படியிலும் முந்தைய மனுவின் நகலை இணையுங்கள். மனுவின்மீது என்ன நடவடிக்கை என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் பெறுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு உரிய பங்கு வேண்டும் என்பது சட்டம். இவ்விடங்களில் நம் தாய்மார்கள் ஏன் அமரக் கூடாது?

ஜமாஅத்தின் கடமை

தனியொரு தாயால் இத்தனையும் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் வாப்பா வளைகுடா நாட்டில் இருக்கிறார். உம்மா ஒருத்தியே பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, பழக்கமில்லாத அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வட்டிக் கடனுக்கும் தலாக் பிரச்சினைக்கும் பஞ்சாயத்துக் கூடும் ஜமாஅத், இந்தத் தாய்க்காக ஒரு நாளேனும் கூடியதுண்டா?

ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று பேர் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், ஓடியாடக் கூடிய இளைஞர் ஒருவர். இவர்கள் முதலில் வீடு வீடாகச் சென்று, பள்ளி செல்லாத இத்தகைய பிள்ளைகளைக் கணக்கெடுக்கட்டும். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறியது. அவர்களுள் நம் தெருவில் இருப்பவர் எத்தனை பேர் என்பதை நாமாவது அறிந்திருக்க வேண்டாமா? பிறகு தலைமையாசிரியரைக் காணச் செல்லும் தாயோடு இம்மூவரும் உடன் செல்லட்டும். தனியே சென்றவளிடம் பேசப்படும் தொனியும் மூவர் துணையோடு சென்றவளிடம் பேசப்படும் தொனியும் வேறு என்பதை உலகம் அறியும்.

பைத்துல்மாலிலிருந்து செவிக்கருவிக்கும் சக்கர நாற்காலிக்கும் பயணச் செலவுக்கும் உதவுங்கள். அது சதகா, அதற்குரிய நன்மை உண்டு. ஆனால் அதைக் கொடுத்துவிட்டதாலேயே வகுப்பறை இடத்தை மறந்துவிடாதீர்கள். சக்கர நாற்காலியைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த நாற்காலி ஏறுவதற்குப் பள்ளியில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்காதவர் பாதி வேலையைக்கூடச் செய்தவராகார்.

மக்தப் ஆசிரியர்களான ஹஜ்ரத்மார்களுக்கு இப்பிள்ளைகளைக் கையாளும் பயிற்சியை ஏற்பாடு செய்யுங்கள். பிரெயில் எழுத்தில் திருக்குர்ஆன் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். ஜும்ஆப் பிரசங்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் 'அபஸ' அத்தியாயத்தின் விளக்கத்தை இக்கோணத்தில் எடுத்துரையுங்கள். நம் சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகக் குழு அடுத்த முறை கூடும்போது, இவ்வாண்டு இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்னும் இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு எண்களும் நம் ஈமானின் தேர்ச்சி அறிக்கையாக அமையும்.

சமுதாயப் பெருமக்களே! நாளை மறுமையில் இப்பிள்ளைகள் தம் குறைக்காக எவரையும் குற்றம் சாட்டப் போவதில்லை. அது படைத்தவனின் நாட்டம் என்பதை அவர்கள் அறிவார்கள். தமக்குரிய இடத்தில் வேறு ஒருவர் அமர்ந்துகொண்டதையும், அதைக் கண்டும் தம்மைச் சேர்ந்தவர்கள் வாய்மூடி இருந்ததையுமே அவர்கள் முறையிடுவார்கள். அம்முறையீட்டுக்கு விடை தேடிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. வரும் ஜூன் மாதத்திற்குள் உங்கள் மஹல்லாவின் பட்டியல் தயாராகட்டும்.

உரியவர்க்கு உரியதை வழங்கும் நேர்மையையும், வழங்க மறுப்பவரிடம் கேட்டுப் பெறும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.